ஆறக்கூடாத காயம்: கண் அழுத்த அறுவையின் வரலாறு

உடலில் ஒரு வெட்டுப் பட்டால் அது விரைவில் ஆறிவிட வேண்டும் என்றே நாம் எல்லோரும் வேண்டுகிறோம். குடலிறக்க அறுவை செய்துகொண்டவரை நலம் விசாரிக்கச் சென்றாலும், மகப்பேற்று அறுவை முடிந்த பெண்ணைப் பார்க்கச் சென்றாலும், நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, ‘புண் ஆறிவிட்டதா?’ என்பதுதான். ஆறினால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். ஆனால் மருத்துவ உலகில் ஓர் அறுவை உண்டு. அதில் காயம் முழுமையாக ஆறிவிட்டால் அந்த அறுவை தோற்றுவிட்டது என்று பொருள். கண் நீர் அழுத்த நோய்க்காக, அதாவது மருத்துவர்கள் கிளாக்கோமா என்று அழைக்கும் நோய்க்காகச் செய்யப்படும் வடிகால் அறுவையே அது.

நம் மஹல்லாக்களில் இந்நோய் இல்லாத தெருவே இல்லை எனலாம். ‘கண்ணில் பிரஷர்’ என்று மக்கள் இதைச் சொல்கிறார்கள். அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் கண் ஒரு மாதமாகியும் சிவந்திருப்பதைக் கண்டு, ‘மருத்துவர் கெடுத்துவிட்டார்’ என்று உறவினர் பேசுவதையும், கண் வெளுத்துவிட்டது என்று நோயாளியே சொட்டு மருந்தைக் கைவிடுவதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். இரண்டுமே இந்த அறுவையின் இயல்பை அறியாமையால் நேர்பவை. அவ்வியல்பை அறிய அதன் வரலாற்றை அறிவதே சிறந்த வழி என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது ஊறுகிறது. இது கண்ணீர் அன்று, கண்ணுக்குள்ளேயே ஊறி உள்ளேயே வடிவது. நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோ லிட்டர் அளவில் ஊறும் இந்நீர், கருவிழியும் அதன் பின்னுள்ள வண்ணத்திரையும் சேரும் மூலையில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக இரத்த நாளங்களுக்குச் சென்று சேர்கிறது. வடிகால் அடைபட்டால் நீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலோருக்கு 10 முதல் 21 வரை இருக்கும் அழுத்தம் கூடும்போது, கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்த இழை மீள்வதில்லை. ஆகவே எந்த மருந்தும், எந்த அறுவையும், போன பார்வையைத் திருப்பித் தருவதற்கு அன்று, எஞ்சியதைக் காப்பதற்கே. கண்புரை அறுவைக்குப் பின் மறுநாளே பளிச்சென்று பார்வை வருவதைக் கண்டு பழகிய நம் வீடுகளில், இவ்வேறுபாட்டை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நம் முன்னோரின் காலத்தில் கண் மருத்துவரைக் கஹ்ஹால் என்றழைத்தனர். சுர்மாவைக் குறிக்கும் குஹ்ல் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்து நூல்களைத் தொகுத்தார். அவர் கிறிஸ்தவர், அப்பாசியக் கலீஃபாக்களின் ஆதரவில் கிரேக்க நூல்களை அரபுக்குக் கொணர்ந்தவர். ஐந்தாம் நூற்றாண்டில் அதே நகரில் அலீ இப்னு ஈஸா எழுதிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’, நூற்றுக்கும் மேற்பட்ட கண் நோய்களை விவரித்து, பல நூற்றாண்டுகள் பாடநூலாக நின்றது. அவர் காலத்தவரான அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலி, எகிப்தில் உள்ளே துளையுள்ள ஊசியைக் கொண்டு மென்மையான கண்புரையை உறிஞ்சி எடுத்தார்.

இவர்கள் கண்புரையைத் திறம்படக் கையாண்டார்கள். ஆனால் கண் அழுத்த நோயை அறுவையால் குணப்படுத்தினார்கள் என்று சொன்னால் அது உண்மையன்று. நம் மேடைகளில் சிலர், இன்றைய மருத்துவம் முழுவதும் அன்றே நம்மிடம் இருந்தது என்று முழங்குவதுண்டு. அது அந்த அறிஞர்களுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அவர்கள் கண்டதைக் கண்டபடியும், காணாததைக் காணாததாகவும் எழுதிவைத்தவர்கள். தபரிஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் அபுல் ஹஸன் அத்தபரி பத்தாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் கண்ணின் இறுக்கத்தைப் பற்றிய குறிப்பை வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர். பதினான்காம் நூற்றாண்டுக் கெய்ரோவில் எழுந்த கண் மருத்துவ நூல்களில், தலையின் ஒரு பாதி வலியுடன் பார்வையும் மங்கும் ஒரு நோய், ‘கண்மணியின் தலைவலி’ என்ற பெயரில் வருகிறது. திடீரென அழுத்தம் ஏறும் வகைக் கிளாக்கோமாவின் தோற்றத்தோடு அது ஒத்துப்போகிறது. நோயை ஏறக்குறைய அடையாளம் கண்டார்கள். வாயில் மட்டும் திறக்கவில்லை.

கிரேக்கச் சொல்லான கிளௌகோஸ் நீலமும் பசுமையும் கலந்த நிறத்தைக் குறிக்கும். அரபில் அதற்கு இணையாக வந்தது ஸர்க் என்ற வேர்ச்சொல். இன்றும் அரபு நாடுகளில் இந்நோயை ‘நீல நீர்’ என்கின்றனர். தாஹா அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தில் மறுமை நாளின் குற்றவாளிகளைப் பற்றி வரும் ‘ஸுர்க்’ என்ற சொல்லுக்கு விரிவுரையாளர்களில் சிலர் ‘குருடர்களாக’ என்று பொருள் கொண்டிருப்பது, நீலம் பாய்ந்த கண்ணுக்கும் பார்வையின்மைக்கும் அன்றைய அரபியர் மனத்தில் இருந்த தொடர்பைக் காட்டுகிறது. இது மொழி ஆய்வாளருக்கான செய்தி. மாணவர்கள் கேட்பதால் குறிப்பிட்டோம்.

இன்னொரு செய்தி நம் ஃபிக்ஹ் நூல்களிலிருந்து. ஊசியால் புரையைத் தள்ளிய பிறகு நோயாளியைப் பல நாள் மல்லாந்து கிடக்கச் செய்வது அக்கால வழக்கம். நிற்கவும் ஸுஜூது செய்யவும் வலிமையுள்ள ஒருவர், மருத்துவரின் சொல்லுக்காகப் படுத்தபடி தொழலாமா என்ற கேள்வி அதனால் எழுந்தது. முதுமையில் பார்வையிழந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் காலம் தொட்டே இக்கேள்வி பேசப்பட்டுள்ளது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ இதை விரிவாக ஆராய்ந்து, நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால் படுத்துத் தொழ அனுமதி உண்டு என்ற கருத்தையே வலுவானதாகக் கொண்டார். அறுவைக்குப் பின் சில வாரங்கள் தலையைத் தாழ்த்தாதீர்கள் என்று மருத்துவர் சொல்லும்போது, நாற்காலியில் அமர்ந்து சைகையால் ஸுஜூது செய்யத் தயங்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்ந்த தயக்கம் அது.

வாயில் திறந்தது 1857இல், பெர்லின் நகரில். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உருவாக்கியிருந்தார். அதைக் கொண்டு, அழுத்தம் ஏறிய கண்களில் பார்வை நரம்பின் முனை குழிந்திருப்பதைக் கண்டார்கள். அல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே என்ற இளம் மருத்துவர், வண்ணத்திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் திடீர் வகை நோயில் அழுத்தம் தணிவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதுவரை குருடாவதே விதி என்றிருந்த ஒரு நோய்க்குக் கிடைத்த முதல் பயனுள்ள அறுவை அதுவே. கிரேஃபே 42 வயதில் காசநோயால் இறந்தார். அவருடைய உதவியாளராயிருந்த யூலியுஸ் ஹிர்ஷ்பெர்க் என்பவர்தாம் பிற்காலத்தில் அலீ இப்னு ஈஸாவின் நூலையும் அம்மாரின் நூலையும் அரபு அறிஞர்களின் துணையோடு ஜெர்மன் மொழியில் வெளிக்கொணர்ந்தார். நம் கஹ்ஹால்கள் மீண்டும் உலகின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பெர்லின் மருத்துவரின் உழைப்பால்.

ஆனால் மெல்ல மெல்ல, வலியின்றிப் பார்வையைத் தின்னும் நாட்பட்ட வகைக்குக் கிரேஃபேயின் அறுவை அவ்வளவாகப் பயன்படவில்லை. சில கண்களில் மட்டும் அது பலித்தது. கூர்ந்து நோக்கியபோது, அக்கண்களில் வெட்டிய இடம் செவ்வையாக ஆறாமல், தழும்பின் ஊடே நீர் கசிந்து கொண்டிருந்தது தெரிந்தது. பாரிஸில் லூயி டி வெக்கர் இதைப் பிடித்துக்கொண்டார். தழும்பு வடிகட்டியாக வேலை செய்கிறதென்றால், அத்தகைய தழும்பை நாமே உண்டாக்கினால் என்ன என்று கேட்டார். காயம் ஆறாதிருப்பதை ஒரு குறையாகப் பார்க்காமல் ஒரு வழியாகப் பார்த்த அந்தக் கேள்வியிலிருந்தே இன்றைய அறுவை பிறந்தது. 1906 வாக்கில் போர்தோ நகரின் லாக்ராஞ்ச், வெண்விழியின் ஒரு சிறு துண்டையே அகற்றிவிடும் முறையைக் கொண்டுவந்தார். வெட்டினால் மூடிக்கொள்கிறது, ஆகவே ஒரு துண்டை எடுத்துவிடு என்பது அவர் வாதம்.

அடுத்த அடி நம் சென்னையில் எடுத்துவைக்கப்பட்டது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். 1819இல் தொடங்கப்பட்டு ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனையாக விளங்குவது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற இராணுவ மருத்துவர். பம்பாயில் பிறந்தவர். 1909இல் அவர் ஒரு புதிய முறையைச் செய்து பார்த்தார். வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்தை முதலில் ஒரு மடலாகத் தூக்கிக்கொள்வார். பிறகு, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள, குழாய் போன்ற வட்டக் கத்தியை விரல்களால் திருகி, கருவிழியும் வெண்விழியும் கூடும் எல்லையில் ஒரு வட்டத்தை அறுத்தெடுப்பார். மாவை வட்ட அச்சால் வெட்டுவது போன்ற செயல். பிறகு படலத்தை மீண்டும் மேலே மூடிவிடுவார். உள்ளே ஊறும் நீர் அந்த ஓட்டை வழியாக வெளியேறிப் படலத்தின் அடியில் ஒரு மெல்லிய கொப்புளமாகத் தங்கி, அங்கிருந்து உறிஞ்சப்படும்.

லாக்ராஞ்சின் முறைக்குத் தேர்ந்த கையும் நுட்பமான கணக்கும் வேண்டும். எத்தனை துண்டு எடுத்தோம் என்பது ஒவ்வொரு கண்ணிலும் மாறும். எலியட்டின் கத்தியோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஓட்டையைத் தந்தது. எளிமையே அதன் வலிமை. 1913இல் அவர் நூலாக வெளியிட்டபின், எலியட் முறை என்ற பெயரில் அது உலகெங்கும் பரவி, ஐம்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் கோலோச்சியது. நாட்டு முறையில் ஊசியால் புரையைத் தள்ளிய கண்கள் எப்படி அழற்சியுற்று, அழுத்தம் ஏறிப் பாழாகின்றன என்பதையும் சென்னையில் கண்ட கண்களைக் கொண்டே அவர் ஆராய்ந்து 1917இல் தனி நூலாக எழுதினார். ஒரு வேடிக்கையான செய்தியும் உண்டு: லண்டன் திரும்பிய பின் இதே எலியட், மாயவித்தைக்காரர் சங்கத்தின் ஆய்வுக்குழுத் தலைவராக இருந்து, இந்தியக் கயிற்று வித்தை என்று ஐரோப்பியர் நம்பி வந்தது வெறும் கட்டுக்கதை என்று வாதாடினார். செய்து காட்டுவோர்க்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. கண்ணை அறிந்தவர்க்குக் கண்கட்டு வித்தை எடுபடவில்லை போலும்!

எலியட் முறைக்கும் குறைகள் இருந்தன. மூடியில்லாத ஓட்டை என்பதால் முதல் நாட்களில் நீர் அளவுக்கு மீறி வடிந்தது, கண் தொய்ந்தது, புரை விரைந்தது. ஆறாமல் நின்ற கொப்புளத்தின் தோல் ஆண்டுகள் செல்லச்செல்ல மெலிந்து, ஒரு நாள் கிருமி உட்புகுந்தது. இது இன்றைக்கும் பொருந்தும் எச்சரிக்கை: வடிகால் அறுவை செய்த கண், பத்து ஆண்டுகள் கழித்துச் சிவந்து வலித்துப் பீளை தள்ளினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் வரை காத்திருப்பது கண்ணையே இழக்கச் செய்யலாம்.

1968இல் கேம்பிரிட்ஜில் ஜான் கெய்ர்ன்ஸ், ஓட்டைக்கு ஒரு கதவு வைத்தார். வெண்விழியின் பாதிக் கனத்தில் ஒரு மடலை உயர்த்தி, அதனடியில் சல்லடைத் திசுவின் ஒரு துண்டை அகற்றி, மடலை மீண்டும் தைத்தார். டிராபெகுலெக்டமி என்ற இம்முறையே இன்றுவரை நிலைத்திருப்பது. இதில் சுவையான திருப்பம் ஒன்றுண்டு. துண்டை எடுத்ததால் இயற்கை வடிகாலின் வெட்டுவாய்கள் திறந்து, நீர் பழைய பாதையிலேயே போகும் என்றுதான் கெய்ர்ன்ஸ் எண்ணினார். ஆனால் நன்கு பலித்த கண்களைப் பார்த்தபோது அங்கேயும் கொப்புளம் இருந்தது. நீர் மடலின் விளிம்பு வழியாகக் கசிந்து படலத்தின் அடியில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. கோட்பாடு பொய்த்தது, அறுவை நிலைத்தது. எல்லாம் மீண்டும் டி வெக்கரின் வடிகட்டும் தழும்புக்கே வந்து நின்றது.

அப்படியானால் பகைவன் யார்? நம் உடலின் ஆற்றும் திறனேதான். வெட்டுப்பட்ட கணமே நாளங்களிலிருந்து இரத்தம் கசிந்து உறைகிறது. முதல் நாட்களில் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. இதுவே அழற்சி, கண் சிவந்து தோன்றுவதன் காரணம். அவ்வணுக்கள் விடும் வேதிச் செய்திகளைக் கேட்டு, படலத்தின் அடியிலுள்ள நார் உயிரணுக்கள் விழித்தெழுந்து பெருகி, வெட்டை நோக்கி நகர்கின்றன. இரண்டாம் வாரத்தில் அவை கொலாஜன் என்னும் நாரை நெய்யத் தொடங்குகின்றன. பிறகு அந்நாரைச் சுருக்கி இழுக்கின்றன. இந்த வேலை மாதக்கணக்கில் தொடர்கிறது. கை விரலில் பட்ட வெட்டில் இது முழுக்க முழுக்க அருட்கொடை. இங்கோ அதே அருட்கொடை மருத்துவர் திறந்த வடிகாலைத் தூர்த்துவிடுகிறது. இளவயதினர், முன்பு வேறு கண் அறுவை செய்துகொண்டவர், கண்ணுக்குள் நாட்பட்ட அழற்சி உள்ளவர் ஆகியோருக்குத் தழும்பு கூடுதலாக வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் பல சொட்டு மருந்துகள் விட்டுவந்த கண்ணின் படலத்திலும் அழற்சி உயிரணுக்கள் ஏற்கெனவே குடியேறியிருப்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. அம்மருந்துகளில் கலக்கும் கெடாமல் காக்கும் பொருளுக்கும் அதில் பங்குண்டு.

அழற்சியை அடக்கும் முதல் ஆயுதம் 1949இல் கிடைத்தது. மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்ட்டிஸோன் கொடுத்து ஃபிலிப் ஹெஞ்ச் கண்ட வெற்றி அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. கண் மருத்துவர்கள் உடனே அதைச் சொட்டு மருந்தாக்கினார்கள். வடிகால் அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு விட்ட கண்களில் வடிகால் நீடித்து நிற்பதை 1980களில் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு உறுதிசெய்தது. ஆகவேதான் இன்றைய மருத்துவர், அறுவை முடிந்தவருக்கு முதலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, பின்னர் படிப்படியாகக் குறைத்து, இரண்டு மாதமோ அதற்கு மேலோ அச்சொட்டைத் தொடரச் சொல்கிறார். கண் வெளுத்துவிட்டது, வலி இல்லை, பின் எதற்கு மருந்து என்று நிறுத்துபவர், நார் உயிரணுக்கள் தம் வேலையைச் செய்யும் அதே வாரங்களில் காவலை விலக்கிக்கொள்கிறார். கதவு அடைபட்ட செய்தி கண்ணுக்குத் தெரியாது; அடுத்த முறை அழுத்தம் அளக்கும்போதுதான் தெரியும்.

இதே ஸ்டீராய்டுக்கு மறுமுகமும் உண்டு. 1960களில் அர்மாலி, பெக்கர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே ஆராய்ந்து, இச்சொட்டை வாரக்கணக்கில் விட்டால் நலமுள்ளவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறுவதையும், ஒரு சிலருக்கு மிகக் கடுமையாக ஏறுவதையும் கண்டார்கள். கண் அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிறு குப்பி பல வேளைகளில் ஸ்டீராய்டுதான். விட்ட உடனே அரிப்பும் சிவப்பும் போய்விடும். அதனால் வீட்டில் அது ‘நல்ல மருந்து’ என்று பெயர் பெற்று, பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் விடப்படுகிறது. வலியில்லாமல் நரம்பு மடிந்து, பதினைந்து வயதில் பார்வை குறுகி வந்து நிற்கும் பிள்ளைகளைக் கண் மருத்துவர்கள் காண்கிறார்கள். அறுவை செய்தவர் அஞ்சி நிறுத்துகிற அதே மருந்தை, தேவையில்லாதவர் அஞ்சாமல் விட்டுக்கொள்கிறார்!

ஸ்டீராய்டு மட்டும் போதாத கண்களுக்குப் புற்றுநோய் மருந்துகளைக் கொணர்ந்தார்கள். பெருகும் உயிரணுவைத் தடுப்பதே புற்றுநோய் மருந்தின் வேலை. இங்கே பெருகுவது நார் உயிரணு. 1980களில் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கி, 5-ஃபுளோரோயுராசில் என்ற மருந்தை அறுவைக்குப் பின் கண்ணின் படலத்தடியில் ஊசியாகச் செலுத்தினார்கள். முதல் வாரம் நாளைக்கு இரு முறை, இரண்டாம் வாரம் ஒரு முறை, ஆக 21 ஊசிகள். நோயாளிகளின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். 1989இல் வந்த முடிவுகள் நல்லவை. எனினும் கருவிழியின் மேற்பரப்பு புண்பட்டது. இதற்கிடையே தைவானில் சென் என்ற மருத்துவர் 1983இலேயே வேறு வழி கண்டிருந்தார். ஜப்பானில் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோமைசின் என்ற மருந்தில் ஒரு சிறு பஞ்சை நனைத்து, அறுவையின்போதே படலத்தின் அடியில் சில நிமிடங்கள் வைத்துக் கழுவிவிடுவது அவர் முறை. ஒரே முறை, ஊசிகள் இல்லை. மேற்கு நாடுகள் இதைக் கவனிக்கச் சில ஆண்டுகள் ஆயின. இன்று உலகெங்கும் இதுவே வழக்கம்.

அளவு மீறினால் இதுவும் எலியட்டின் பழைய துன்பங்களையே திருப்பித் தந்தது. இரத்த ஓட்டமற்று வெளிறிய மெல்லிய கொப்புளம், கசிவு, தொய்ந்த கண், பின்னாளில் கிருமி. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பெங் காவ் என்பவரும் அவர் குழுவினரும், பஞ்சைச் சிறு இடத்தில் வைக்காமல் பரந்த இடத்தில் வைத்தால் கொப்புளம் பின்னோக்கிப் பரவி நலமாக அமைவதைக் காட்டினார்கள். மருந்தை மாற்றாமல் வைக்கும் இடத்தை மட்டும் மாற்றியதால் வந்த பலன் அது. தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வேதிச் செய்தியையே தடுக்கும் எதிர்ப்புரதம் ஒன்றும் முயலப்பட்டது. ஆய்வகத்தில் பளிச்சிட்ட அது, 2007இல் வெளியான பெரிய சோதனையில் வெற்றுமருந்தை விடச் சிறந்ததாக இல்லை. உடலின் ஆற்றும் திறனுக்கு ஒரே வாசல் இல்லை. ஒன்றை அடைத்தால் மற்றொன்றில் நுழைகிறது.

இவ்வளவும் அறிந்த பின், அறுவைக்குப் பிந்திய வாரங்களில் நடப்பவற்றை வேறு கண்ணால் பார்க்கலாம். மருத்துவர் வாரந்தோறும் வரச்சொல்வது கட்டணத்துக்காக அன்று. மடலின் தையலை லேசர் கொண்டு ஒவ்வொன்றாக வெட்டுவதும், கண்ணை விரலால் அழுத்தி நீரை வெளியேற்றுவதும், தழும்பு தொடங்கிய கொப்புளத்தை ஊசி முனையால் கீறி 5-ஃபுளோரோயுராசிலைச் செலுத்துவதும் தோல்வியின் அடையாளங்கள் அல்ல. கதவைத் திறந்தே வைத்திருக்கும் முறைகள். அறுவை அரங்கில் பாதி வேலையே முடிகிறது.

ரமழானில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. கண்ணில் இடும் சுர்மாவோ மருந்தோ நோன்பை முறிக்காது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. தொண்டையை எட்டுவதைக் குறித்து மாலிக்கீ அறிஞர்கள் மாறுபடுகின்றனர். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் கண் சொட்டு நோன்பை முறிக்காது என்றே தீர்மானித்தது. சொட்டு விட்டபின் கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும். கண்ணிலும் மருந்து கூடுதலாகத் தங்கும்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் நாற்பது வயதுக்கு முன்பே கண்ணைக் காட்ட வேண்டும். அவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுதல். தமிழகத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் 2003இல் வெளியிட்ட கள ஆய்வில், நாட்பட்ட வகை நோயுள்ளவர் எனக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை.

எத்தனை முறை திறந்தாலும் தழும்பு மூடிவிடும் கண்களும் உண்டு. அவர்களுக்காக 1969இல் தென்னாப்பிரிக்காவில் அந்தோனி மோல்ட்டெனோ, ஒரு மெல்லிய குழாயைக் கண்ணுக்குள் வைத்து, அதன் மறுமுனையை ஒரு தட்டோடு இணைக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். நீர் அளவுக்கு மீறி வடிவதைத் தடுக்கும் அடைப்பிதழோடு மதீன் அஹ்மத் வடிவமைத்த கருவி 1993இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்று, அஹ்மத் வால்வு என்ற பெயரில் உலகெங்கும் பொருத்தப்படுகிறது. அதன் விலை நம் மக்களில் பலருக்கு எட்டாதது. மதுரையின் அரோலேப், அடைப்பிதழ் இல்லாத மற்றொரு வகையைக் குறைந்த விலையில் உருவாக்கி, 2013 முதல் வழங்கி வருகிறது. இத்தட்டுகளைச் சுற்றியும் உடல் சில வாரங்களில் ஓர் உறையை நெய்துவிடுகிறது. அடைப்பிதழ் இல்லாத கருவியில் அந்த உறை உருவாகும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம், குழாயை ஒரு நூலால் கட்டி மூடி வைக்கிறார்கள். உறைதான் பிறகு நீரைத் தடுத்து அளவாக விடுகிறது. அது மெல்லியதாக அமைந்தால் அழுத்தம் தணிகிறது. தடித்துவிட்டால் மீண்டும் சொட்டு மருந்து.